ஈச்சந்துறைப் பாலத்தின் மூன்றாவது தூண்

கோமுகி ஆற்றின் குறுக்கே ஈச்சந்துறையில் ரயில் பாலம் கட்டினபோது கொளஞ்சியம்மாளுக்குப் பதினெட்டு வயது. வெள்ளைக்காரன் காலம். ஐந்து தூண்கள், மேலே ஆறு இரும்பு உத்தரங்கள், அவற்றின்மேல் ஒற்றைப் பாதை. அதற்குப் பிறகு ஆட்சி மாறியது, கொடி மாறியது, எஞ்சின்மேல் எழுதியிருந்த எழுத்தும் மாறியது. பாலம் மட்டும் அப்படியே நின்றது. அது நிற்பதற்குக் காரணம் தன் புருஷன்தான் என்று ஊர் சொல்லக் கேட்டுக் கேட்டே கொளஞ்சியம்மாள் நாற்பத்தாறு வயதுக்கு வந்திருந்தாள்.

ஊர் சொன்ன கதை இதுதான். நாலு தூண்கள் நல்லபடியாக எழும்பின. மூன்றாவது மட்டும் நிற்கவில்லை. கட்டக் கட்டச் சாய்ந்தது. ஆறு ஆள் கேட்டது. கூலிக்கு வந்திருந்த முனியனைக் காவு கொடுத்தார்கள். அன்றைக்கு நிமிர்ந்த தூண் அப்புறம் அசையவில்லை.

ஆடி மாதம் ஊர்ப் பெண்கள் ஆற்றில் இறங்கி மூன்றாவது தூணுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை கட்டுவார்கள். அங்கேயே கூழ் ஊற்றுவார்கள். முதல் குவளை கொளஞ்சியம்மாளுக்கு. அவள் அதை வாங்கிக் குடிப்பாள். கூலி கிடைத்தால் சோறு, கிடைக்காவிட்டால் பட்டினி என்று கழிந்த வாழ்க்கையில் ஒரு குவளைக் கூழை வேண்டாமென்று சொல்லத் தெம்பில்லை. ஆனால் அந்த மரியாதைக்கு உள்ளே ஒரு பயமும் இருந்தது. புதுசாகக் கல்யாணமான பெண்கள் அவள் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்பார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்க அவளை யாரும் கூப்பிடமாட்டார்கள்.

நடந்தது வேறு.

பாலத் தூணை வெறும் மணலில் நிறுத்த முடியாது. செங்கல்லால் வட்டமாக ஒரு கிணறு கட்டி, அதற்குள் ஆட்களை இறக்கி மணலை வாரி மேலே அனுப்புவார்கள். அடியில் மணல் குறையக் குறையக் கிணறு தன் பாரத்திலேயே கீழே இறங்கும். பாறை தட்டியதும் உள்ளே ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி அடைத்து, அதன் தலையில் தூணை எழுப்புவார்கள். மற்ற நாலு கிணறுகளும் முப்பது அடிக்கு மேல் இறங்கிப் பாறையில் உட்கார்ந்தன. மூன்றாவது இருபத்திரண்டு அடியில் ஒருபக்கமாகச் சாய்ந்து சிக்கிக்கொண்டது.

முனியன் கிணற்றுக்குள் இறங்குகிற ஆள். ஒரு பங்குனி மாலையில் வேலை முடிந்து வந்தவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள் கொளஞ்சி.

"பாறை தட்டல. கடப்பாறைய வுட்டா பொசுக்குனு உள்ள போவுது. கெணறு ஒருக்களிச்சிக்கினு நிக்குது. ஓரத்துல தண்ணி கொதிக்கிறாப்பல மணல் பொங்கிக்கினே இருக்குது. எறங்க மாட்டேன்னு மேஸ்திரிகிட்ட சொல்லிட்டன்."

"அவுரு இன்னா சொன்னாரு?"

"திங்கக்கெழம தொர வராராம். அதுக்குள்ள முடிக்கணுமாம். நாளைக்கி ஒருநாள் எறங்கு, போதும்னாரு."

மறுநாள் இறங்கினான். கொளஞ்சி அன்றைக்கு மேலே செங்கல் சுமந்துகொண்டிருந்தாள். வெயில் ஏறுகிற நேரத்தில் கிணற்றடியில் ஏதோ கூச்சல் கேட்டது. அவள் போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிட்டது. மேஸ்திரி எல்லாரையும் செங்கல்லை விட்டுவிட்டு ஜல்லி சுமக்கச் சொன்னான். அவசரம், அவசரம் என்று கத்தினான். "எங்க வூட்டுக்காரு எங்கீங்க?" என்று அவள் கேட்டதற்கு, "அக்கரைக்கு அனுப்பியிருக்கன், போ" என்றான். அவளும் சுமந்தாள். சுண்ணாம்பு கலந்த ஜல்லியைச் சட்டி சட்டியாகக் கிணற்று வாயில் கொட்டினாள். சாயங்காலம் எல்லாரும் ஆற்றிலிருந்து கரையேறினார்கள். முனியன் வரவில்லை. பொழுது சாய்ந்த பிறகு அவளுடைய மாமனார் வந்து அவள் எதிரே உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

மணல் பொங்கி அவனை இடுப்புவரை பிடித்தது, பிறகு கழுத்துவரை பிடித்தது, கயிறு போட்டு இழுத்தும் வரவில்லை என்று கூட இறங்கியவர்கள் பிற்பாடு அவளிடம் ரகசியமாகச் சொன்னார்கள். துரை வருவதற்குள் கிணற்றை மூடிவிட வேண்டும் என்பது மேஸ்திரியின் கவலை. பாறை தொட்டதாகக் காகிதத்தில் எழுதிக்கொண்டார்கள். ஆறு காவு கேட்டது என்ற பேச்சையும் அவனே கிளப்பிவிட்டான்.

"ஒன்னும் சொல்லாத தாயி," என்றார் மாமனார். "மண்ணு சரிஞ்சி செத்தான்னா நாளைக்கி மறந்துடுவாங்க. காவு போனான்னா ஊரு கும்புடும். வவுத்துல இருக்கிறதுக்கு அதாவது மிஞ்சட்டும்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. தன் கையாலேயே அவன்மேல் ஜல்லி கொட்டியதை யாரிடம் எப்படிச் சொல்வது? ஐந்து மாதம் கழித்துப் பிள்ளை பிறந்தான். சின்னராசு என்று பெயர் வைத்தாள்.

சின்னராசு வளர்ந்து அதே பாதையில் கீமேன் ஆனான். தினமும் விடிந்ததும் நீளச் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மைல் பாதையை நடந்து பார்க்க வேண்டும். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஆப்பு எங்காவது தளர்ந்திருந்தால் தட்டி இறுக்க வேண்டும். பாலத்துக்கு வந்தால் மூன்றாவது தூணுக்கு மேலே ஒரு கணம் நின்று கும்பிடுவான். "எங்கப்பன் தாங்கிக்கினு இருக்காரு, எனுக்கு இன்னா பயம்?" என்று கூட வேலை செய்பவர்களிடம் சொல்வான். அதைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் கொளஞ்சியம்மாள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். வாயைத் திறக்கமாட்டாள். இருபத்தெட்டு வருஷம் அப்படிப் போயிற்று.

அந்த வருஷம் ஐப்பசியில் கல்வராயன் மலையில் நாலு நாள் விடாமல் மழை. மலை முகடே தெரியவில்லை. வடக்கனந்தல் பக்கம் இரண்டு ஏரிகள் உடைந்துவிட்டதாகச் செய்தி வந்த அன்றைக்கு மத்தியானம், கோமுகி செங்காவி நிறத்தில் கரை புரண்டு வந்தது. மரம் வந்தது, மாடு வந்தது, மலைக்காட்டில் அறுத்துப் போட்டிருந்த சாமைத் தாள் கட்டுக் கட்டாக வந்தது. தூண்களில் அபாய அளவுக்குப் போட்டிருந்த சிவப்புக் கோட்டைத் தாண்டித் தண்ணீர் ஏறியது. மூன்று நாள் வண்டி ஓடவில்லை. ஊர் முழுக்கக் கரையில் நின்று மூன்றாவது தூணையே பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர் அதைச் சுற்றி மட்டும் சுழித்துக் குழி விழுந்து ஓடியதைக் கொளஞ்சியம்மாள் பார்த்தாள்.

நாலாம் நாள் வெள்ளம் வடிந்தது. பாலம் நின்றுகொண்டிருந்தது. பாதை இன்ஸ்பெக்டர் அரங்கநாதன் சின்னசேலத்திலிருந்து தண்டவாளத்தில் ஓடும் தள்ளுவண்டியில் வந்து இறங்கினார். கயிற்றில் இரும்புக் குண்டைக் கட்டி ஒவ்வொரு தூணருகிலும் விட்டுப் பார்த்தார். எல்லா இடத்திலும் மணல் பழைய மட்டத்திலேயே இருந்தது. ஒரு வாரம் வண்டிகளை மெதுவாக ஓடச் சொல்லிவிட்டு, பிறகு அந்தக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார். ஊர் தேங்காய் உடைத்தது. முனியன் தாங்கிவிட்டான் என்றார்கள்.

கார்த்திகை கடைசியில் ஒரு காலையில் கொளஞ்சியம்மாள் குடத்தோடு ஆற்றில் இறங்கினாள். கலங்கல் தண்ணீர் வேண்டாமென்று மூன்றாவது தூணுக்குப் பக்கத்து மணல் திட்டில் ஊற்று தோண்ட உட்கார்ந்தாள். அங்கே அவள் எத்தனையோ வருஷமாகத் தோண்டுகிறாள். இரண்டு முழம் தோண்டினால் மணல் இறுகிக் கெட்டியாகிவிடும், தெளிந்த தண்ணீர் சுரக்கும். அன்றைக்கு இறுகவில்லை. தோண்டத் தோண்டச் சரிந்துகொண்டே இருந்தது. மண்டியிட்டுக் கையை விட்டாள். தோள்வரை போயிற்று. விரலில் எதுவோ சிக்கியது. இழுத்துப் பார்த்தாள். சாமைத் தாள். இன்னும் நிறம் மாறாத, இந்த வருஷத்துத் தாள்.

அதை மடியில் செருகிக்கொண்டாள். பிறகு எழுந்து போய், கரையில் கிடந்த நீள மூங்கிலை எடுத்து வந்து தூணின் ஓரமாகக் குத்தினாள். மூங்கில் எதிர்ப்பே இல்லாமல் போயிற்று. இரண்டு ஆள் உயரம் போனது. உருவி எடுத்தபோது அதன் நுனியிலும் ஈரத் தாள் ஒட்டியிருந்தது.

வெள்ளம் அடி மணலைத் தோண்டிக்கொண்டு போயிருக்கிறது. வடியும்போது அந்தக் குழியைப் புது மணலால் மேலோட்டமாக நிரப்பிவிட்டுப் போயிருக்கிறது. மற்ற தூண்கள் பாறையில் நிற்கின்றன, அவற்றுக்கு ஒன்றுமில்லை. இதற்கு அடியில் இருந்ததே மணல்தான். தலைக்குமேல் வண்டி ஒன்று தடதடவென்று கடந்தது. அவள் தூணில் கையை வைத்தாள். இத்தனை வருஷத்தில் அதைத் தொட்டபோதெல்லாம் குளிர்ந்த கல்லாகத்தான் இருந்தது. இப்போது உள்ளே ஏதோ நடுங்குவது உள்ளங்கைக்குத் தெரிந்தது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மகன் வேலை முடிந்து வந்து, கஞ்சியைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ராசு, அந்த மூணாவது தூணுமேல ஆப்பு தளருதா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "உனுக்கு யாரு சொன்னது? தெனமும் தளருது. இன்னிக்கி இறுக்கனா நாளைக்கி காலைல ஆடுது. தண்டவாளம் கட்டைவெரல் அளவுக்கு எறங்கியிருக்குது. எங்க கேங்கு மேஸ்திரி அடியில மரச் சக்கை வெச்சி தூக்கனாரு. அப்பா பொரண்டு படுக்குறாருன்னு நான் நெனச்சிக்கினு இருக்கேன்."

"உங்கப்பா தாங்கலடா," என்றாள் அவள். "அவுர யாரும் குடுக்கவும் இல்ல. மணல்ல மாட்டி செத்தாரு. நான் தெரியாம அவுரு மேல ஜல்லிய கொட்டனேன். அந்தக் கெணறு பாறைக்கிப் போவல."

எல்லாவற்றையும் சொன்னாள். ஒரே மூச்சில் சொல்லாமல், நடுநடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சின்னராசு சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"தெனமும் நின்னு கும்புட்டனே," என்றான் கடைசியில். "அப்பெல்லாம் நீ பாத்துக்கினு இருந்தியே."

"பாத்துக்கினுதான் இருந்தேன்."

"இப்ப மட்டும் ஏன் சொல்ற?"

"நீ அது மேல நடக்குற. வண்டி நெறைய ஜனம் போவுது."

அவன் எழுந்து வெளியே போனான். அன்றைக்கும் மறுநாளும் அவளிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே மூங்கிலை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கிக் குத்திப் பார்த்துவிட்டு வந்தான். "கெளம்பு, இன்ஸ்பெக்டர பாக்கலாம்" என்று மட்டும் சொன்னான்.

அரங்கநாதன் நல்ல மனிதர். கொளஞ்சியம்மாளைப் பெஞ்சியில் உட்காரச் சொன்னார். அவள் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பழைய வரைபடத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார். மூன்றாவது கிணறு, ஆழம் முப்பத்திநாலு அடி, பாறையில் நிறுத்தப்பட்டது என்று எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார். அடியில் கையெழுத்து இருந்தது.

"இதுல இப்படித்தாம்மா இருக்குது."

"இத எழுதனவரு கெணத்துல எறங்கிப் பாத்தாருங்களா?" என்று கேட்டாள் கொளஞ்சியம்மாள்.

அவர் வரைபடத்தைச் சுருட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேல எழுதறேன். துளை போட்டுப் பாக்கச் சொல்றேன். தை மாசத்துக்குள்ள வருவாங்க."

"அதுவரைக்கும் வண்டிய நிறுத்த முடியாதுங்களா சார்?" என்றான் சின்னராசு.

"எதை வெச்சு நிறுத்தறது? குண்டு விட்டுப் பாத்து சரியா இருக்குதுன்னு நானே எழுதிக் குடுத்திருக்கேன். இப்ப ஒரு அம்மா வந்து சொன்னாங்கன்னு எழுதினா என்னைத்தான் கேப்பாங்க." வரைபடத்தை அலமாரியில் வைத்துவிட்டு, "நீ தினமும் ரெண்டு வேளை போய்ப் பாரு. ஏதாவது தெரிஞ்சா என்னைக் கேக்க வேணாம். நிறுத்திடு" என்றார்.

அவர்கள் திரும்பி வருவதற்குள் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. மணியக்காரர் செல்லமுத்து ஆளனுப்பிக் கொளஞ்சியம்மாளைக் களத்துமேட்டுக்கு வரச் சொன்னார். நூறு ஏக்கர் கரும்புக்காரர். கூலி கொடுப்பவரும் அவர்தான்.

"காவு போனவன காவு போவலன்னு சொல்றியாமே," என்றார். "கும்புட்ட வாயால தெய்வத்த இல்லன்னு சொன்னா அது சும்மா இருக்குமா? நாளைக்கி தூணு சாஞ்சா உன் நாக்குதான் சாய்ச்சிதுன்னு ஊரு சொல்லும்."

"சாயறதுக்கு முன்ன சொல்லணும்னுதாங்க சொன்னேன்."

"நீ சொன்னதாலதான் சாயும்."

அடுத்த நாளிலிருந்து கரும்பு வெட்ட அவளைக் கூப்பிடவில்லை. ஊற்றுக்குப் போனால் மற்ற பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். காசியம்மாள் என்று ஒருத்தி, அறுவடைக்கு அவளோடு ஒரே வரிசையில் நிற்பவள், அவள் மட்டும் கிட்டே வந்து, "ஏன் கொளஞ்சி இத கௌறன? கொலநடுங்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மார்கழி பிறந்தது. விடிந்தால் ஆறு முழுக்கப் பனி. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. வண்டிகள் கூவிக்கொண்டே வந்து கூவிக்கொண்டே போயின. சின்னராசு பாலத்துக்குப் போகும்போதெல்லாம் கொளஞ்சியம்மாளும் கூடவே போய் மேற்குக் கரையில் உட்கார்ந்துகொள்வாள். வராதே என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை. பனிக்குள்ளிருந்து அவனுடைய சுத்தியல் சத்தம் வரும். டங், டங் என்று ஒழுங்காக வரும். மூன்றாவது தூணுக்குப் போனதும் அந்தச் சத்தம் மாறி, உடைந்த பானையில் மத்தால் தட்டினாற்போல் கேட்கும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அதைத் தாண்டிப் பழைய சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு விடுவாள்.

மார்கழி பதினாலாம் நாள் காலை, மூன்றாவது தூணருகே சுத்தியல் நின்றுபோனது. பிறகு ஓடிவருகிற காலடிச் சத்தம்.

பனியைக் கிழித்துக்கொண்டு சின்னராசு வந்தான். "தண்டவாளம் ரெண்டு வெரக்கடை வாய் பொளந்துக்கினு இருக்குது. தூணு தலை மேக்கால சாஞ்சிருக்குது." பேசிக்கொண்டே சிவப்புக் கொடியைப் பாதை நடுவே நட்டான். தோள்பையைத் திறந்து, தகரப் பொட்டு போலிருந்த மூன்று வெடிகளை எடுத்து அவள் கையில் வைத்தான். பனிக்காலத்தில் வண்டியை நிறுத்துவதற்குத் தண்டவாளத்தின்மேல் கட்டுகிற, சக்கரம் ஏறியதும் வெடிக்கிற வெடிகள் அவை.

"கெழக்கேந்து பாசஞ்சர் வர நேரம். நான் அந்தப் பக்கம் போறேன். மேக்கால இப்ப வண்டி கெடையாது. ஆனா கூட்ஸ் எப்ப வுடுவாங்கன்னு தெரியாது. பனியில கொடி தெரியாது. நீ இந்தப் பக்கம் ஓடு. முடிஞ்ச மட்டும் தூரமா போயி, பத்து பத்து அடி வுட்டு கட்டு. இப்டி தகரத்த மடக்கனா பிடிச்சிக்கும்."

"நீ எப்டி போவ?"

"பாலத்து மேலதான். ஆத்துல எறங்கினா இடுப்பளவு தண்ணி, நேரம் பத்தாது."

"ராசு, வேணாண்டா."

அவன் அதற்குள் திரும்பிவிட்டான். உத்தரத்தின்மேல் அவன் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு பனி மூடிக்கொண்டது.

கொளஞ்சியம்மாள் மேற்கே திரும்பி ஓடினாள். கருங்கல் ஜல்லி பாதத்தைக் கிழித்தது. இருபது வயதில் தலையில் சுமையோடு ஓடியவள்தான், ஆனால் இப்போது நெஞ்சு அடைத்தது. எவ்வளவு தூரம் வந்தோம் என்று தெரியவில்லை. மைல்கல் ஒன்று கடந்ததாக ஞாபகம். அப்போது காலுக்கடியில் தண்டவாளம் முனகுவது கேட்டது. முதலில் அது தன் காதில் இரையும் சத்தம் என்றுதான் நினைத்தாள். அப்புறம் ஊதல் கேட்டது. மேற்கிலிருந்து வந்தது.

அங்கேயே உட்கார்ந்து முதல் வெடியை வைத்துத் தகரத்தை மடக்கினாள். இரண்டாவதை மடக்கும்போது பனிக்குள் கறுப்பாக ஒன்று பெருத்துக்கொண்டு வந்தது. மூன்றாவதைக் கட்ட நேரமில்லை. அதைக் கையில் பிடித்தபடியே சரிவில் உருண்டாள். எஞ்சின் அவளைக் கடந்த அதே கணம் வெடித்தது. ஒன்று. இரண்டு. பிரேக்கு கிறீச்சிட்டது. நிலக்கடலை மூட்டை ஏற்றிய பெட்டிகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு பாலத்தை நோக்கியே போயின. வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அவள் எழுந்து அதன் பின்னாலேயே ஓடினாள்.

எஞ்சின், முன் சக்கரங்கள் முதல் உத்தரத்தின்மேல் ஏறிய நிலையில் நின்றது. டிரைவர் திட்டிக்கொண்டே கீழே குதித்தார். "யாரும்மா நீ? இன்னா இது?" என்று கேட்டவர் பாதியில் நிறுத்தினார். முன்னால் பனிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தமில்லை. பாரம் தாங்காத மாடு முன்னங்காலை மடித்து உட்காரும்போது விடுகிற பெருமூச்சு மாதிரி இருந்தது. அதைத் தொடர்ந்து இரும்பு முறுகியது. கற்கள் தண்ணீரில் விழுந்தன. எஞ்சின் நின்ற உத்தரமே குலுங்கியது. பிறகு ஆற்றில் அலை கரையை அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

டிரைவர் தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கொளஞ்சியம்மாள் எஞ்சினைத் தாண்டிப் பாலத்தின் உடைந்த முனைவரை போனாள். இரண்டாவது தூணுக்கு அப்பால் ஒன்றுமில்லை. "ராசு" என்று கூப்பிட்டாள். குரல் பனியில் கரைந்து போயிற்று. மறுபடி கூப்பிட்டாள். அவன் தாண்டிவிட்டானா, நடுவில் இருந்தானா? அவன் ஓடிப் போனபோது காலடிச் சத்தத்தை எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். அவள் எண்ணவில்லை. கீழே கலங்கிய தண்ணீரில் ஏதாவது துணி தெரிகிறதா என்று பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டாள். பிறகும் பார்த்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அக்கரையில், வெகு தூரத்தில், ஒரு வெடி வெடித்தது. அடுத்து ஒன்று. அதற்கடுத்து ஒன்று. கட்டியவன் உயிரோடு அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறான். கொளஞ்சியம்மாள் உத்தரத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கையில் மூன்றாவது வெடி அப்படியே இருந்தது. டிரைவர்தான் மெதுவாக அதை வாங்கி வைத்தார்.

பாசஞ்சரில் முந்நூறு பேர் வந்தார்களாம். அவர்களில் பலர் வண்டியை விட்டிறங்கிக் கரைக்கு வந்து, உடைந்த பாலத்தைப் பார்த்து நின்றார்கள். அவர்களைத் தாண்டிச் சின்னராசு ஆற்றில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து இக்கரைக்கு வந்தான். அம்மாவைப் பார்த்ததும், "கால்ல ரத்தம் வருது பாரு" என்றான். தலைத்துண்டை அவிழ்த்து அவள் காலில் கட்டினான்.

விசாரணைக்கு வந்த அதிகாரிகள் ஒரு வாரம் தங்கினார்கள். கொளஞ்சியம்மாளும் சாட்சி சொன்னாள். அவள் சொன்னதை எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். அசாதாரணமான வெள்ளத்தால் பாலம் சேதமடைந்தது என்று முடிவு எழுதியதாக அரங்கநாதன் பிற்பாடு சின்னராசுவிடம் சொன்னார். அவன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். தன்னையும் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்.

மாசியில் இடிபாட்டை அகற்றினார்கள். மூன்றாவது கிணறு பக்கவாட்டில் பிளந்து கிடந்தது. அளந்து பார்த்தார்கள், இருபத்திரண்டு அடிதான் இருந்தது. ஜல்லியை உடைத்தபோது அடியில் எலும்புகள் இருந்தன. போலீஸ் வந்து பார்த்து எழுதிக்கொண்டு, கடைசியில் ஒரு சாக்கில் போட்டுச் சின்னராசுவிடம் கொடுத்தார்கள்.

அன்று மத்தியானமே மணியக்காரர் செல்லமுத்து பத்துப் பேரோடு அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அதுவரை அந்தத் தெருவுக்குள் கால் வைக்காதவர். குரலில் இந்தத் தடவை அதட்டல் இல்லை.

"கொளஞ்சி, நடந்தது நடந்துபோச்சி. பங்குனில புதுப் பாலத்துக்குக் கெணறு எறக்கப் போறாங்க. கச்சிராயபாளையம் பக்கத்துலேந்தும் மலையடிவாரத்துலேந்தும் கூலியாளு வந்திருக்காங்க. எறங்க பயப்படுறாங்க. முனியன் எலும்புல ஒரு கைப்பிடி குடு. புதுக் கெணத்துல போட்டுடலாம். இருந்த காவலு இருந்த எடத்துலயே இருக்கட்டும். இல்லன்னா ஆறு வேற ஆள கேக்கும்."

கூட வந்தவர்கள் தலையாட்டினார்கள். காசியம்மாளும் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தாள். அவளுடைய மகன் புதுக் கிணற்று வேலையில் சேர்ந்திருந்தான்.

கொளஞ்சியம்மாள் சாக்கைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆறு எப்பவும் ஆள கேக்கலீங்க," என்றாள். "மேஸ்திரிதான் எறங்க சொன்னான். எறங்க மாட்டேன்னவர எறங்க வெச்சான். பாறைய தொடாம மூட சொன்னான். நானும் மூடனேன், வாயையும் மூடிக்கினேன். ஒரு கைப்பிடி குடுத்தா நாளைக்கி ஒருத்தன் மணல்ல மாட்டனா, எலும்பு பத்தல, ஆளு வேணும்னு சொல்லிடுவீங்க. கயிற கெட்டியா கட்டச் சொல்லுங்க. பாறை தட்டறவரைக்கும் தோண்டச் சொல்லுங்க. இத தர மாட்டேன்."

"யோசிச்சி சொல்லு. உன்னால ஒரு உசுரு போனா ஊரு உன்ன சும்மா வுடாது."

"தெரியுங்க."

அவர்கள் கலைந்தார்கள். காசியம்மாள் மட்டும் கடைசிவரை நின்று, அந்தச் சாக்கையே பார்த்துவிட்டுப் போனாள். பொழுது இறங்குவதற்குள் சின்னராசுவும் இன்னும் மூன்று பேரும் முனியனை மேட்டுச் சுடுகாட்டில் குழி வெட்டிப் புதைத்தார்கள். ஆற்றிலிருந்து தள்ளி இருந்த இடம். யாராவது வந்து தோண்டிவிடுவார்களோ என்று சின்னராசு பதினாறு நாள் அங்கேயே சுற்றி வந்தான்.

பங்குனி முதல் வாரம் புதுக் கிணறு இறங்கத் தொடங்கியது. கூலியாட்கள் தயங்கித் தயங்கித்தான் இறங்கினார்கள். வயல் வேலை இல்லாத நேரத்தில் ஊர் கரையில் வந்து நின்றது. காலையில் உள்ளே போனவர்களை எண்ணியது, சாயங்காலம் மேலே வந்தவர்களை எண்ணியது. யாருக்காவது கால் சறுக்கினால் பத்துத் தலைகள் கொளஞ்சியம்மாள் இருக்கிற பக்கம் திரும்பும். அவள் நகரவில்லை. கரையில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்து அவளும் எண்ணினாள். அன்றைக்குப் பதினோரு பேர் இறங்கியிருந்தார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஒன்பது பேர் ஏறியிருந்தார்கள். பத்தாவது ஆளின் தலை கிணற்று விளிம்பில் தெரிந்தது. கீழே பதினோராவது ஆளைப் பிடித்திருந்த கயிறு இன்னும் இறுகியே இருந்தது.